யாருடைய சாயங்காலம்

சென்ற இதழில் நண்பர் எழுதிய ஸ்டாக்ஹோம் கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ரசித்து. இரண்டாம் தடவை எரிச்சலுடன். நான்கு மணிக்கு அலுவலகங்கள் காலியாகத் தொடங்குகின்றன, ஐந்து மணிக்குத் தகப்பன்மார் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஏரிக்கரையில் நடக்கிறார்கள், ஜூலை மாதம் நகரமே கதவைச் சாத்திக்கொண்டு காட்டு வீடுகளுக்குப் போய்விடுகிறது என்றெல்லாம் நல்ல உரைநடையில் எழுதிக்கொண்டு வந்தவர், கடைசியில் 'இது பணத்தால் வந்ததல்ல, சட்டத்தால் வந்ததல்ல, மனசால் வந்தது. அந்த மனசு நமக்கு இல்லை' என்று முடித்திருக்கிறார். இந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றதில் எனக்கு வழக்கு எதுவும் இல்லை.

'மனசு' என்ற சொல்லின் மீது நம் வட்டத்துக்கு ஒரு மயக்கம் உண்டு. சரித்திரமாக விளக்கவேண்டிய ஒன்றை விளக்கச் சிரமமாக இருக்கும்போதெல்லாம் அதை ஒரு ஜனக்கூட்டத்தின் குணம், கலாசாரம், ஆன்மா என்று சொல்லிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாண்டிவிடுகிறோம். டேனிஷ்காரர்களிடம் 'ஹூகே' என்று ஒரு சொல் இருக்கிறதாம்; மெழுகுவர்த்தி, காப்பி, நாலு சினேகிதர்கள். ஸ்வீடன்காரர்களிடம் 'லாகோம்', அதிகமும் வேண்டாம், குறைவும் வேண்டாம். பின்லாந்து 2018 முதல் 2025 வரை எட்டு வருஷம் தொடர்ந்து உலக மகிழ்ச்சிப் பட்டியலில் முதலிடம். அதற்கும் அவர்களிடம் ஒரு சொல் இருக்கும். 'போதும்' என்ற சொல் தமிழிலும் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளகோவிலில் தறி ஓட்டுகிறவன் ஒரு ராத்திரியில் பத்துத் தடவை அதைச் சொல்கிறான். சொல் இருப்பதால் மாத்திரம் தறி நின்றுவிடுவதில்லை.

நண்பர் பார்த்த அந்த ஐந்து மணி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்கலாம். 1909-ல் ஸ்வீடனில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ஏறக்குறைய மூன்று லட்சம் பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள், தோற்றுப் போனார்கள். சங்கத்தை விட்டுப் பலர் ஓடினார்கள், அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களும் உண்டு. எட்டு மணி நேர வேலை என்று சட்டம் எழுத மேலும் பத்து வருஷம் ஆயிற்று, 1919. பின்லாந்தில் அதே சட்டம் 1917 நவம்பரில், ஒரு பொது வேலைநிறுத்தத்தின் நடுவில் நிறைவேறியது. இரண்டே மாதத்தில் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டு சொந்த ஜனங்களே ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். மறுபடியும் ஸ்வீடன்: 1931 மே 14 அன்று ஓடாலன் என்ற இடத்தில் வேலைநிறுத்த ஊர்வலத்தின் மீது ராணுவம் சுட்டு ஐந்து பேர் செத்தார்கள். 1938-ல்தான் முதலாளிகளும் சங்கங்களும் உட்கார்ந்து பேசி ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். அதே வருஷம் எல்லோருக்கும் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்று சட்டம். அது 1951-ல் மூன்று வாரம், 1963-ல் நான்கு, 1978-ல் ஐந்து. நண்பர் பார்த்த வெறிச்சோடிய ஜூலை மாதத்துக்கு இப்படி ஒரு வயது இருக்கிறது. எனக்கு அதைவிடச் சில வயது குறைவு, அவ்வளவே.

குழந்தை வண்டி தள்ளும் தகப்பன் விஷயம் இன்னும் தெளிவானது. தாய்க்கு மாத்திரம் இருந்த பேறுகால விடுப்பை இரண்டு பெற்றோருக்கும் பொதுவாக்கி ஸ்வீடன் சட்டம் செய்தது 1974-ல். செய்துவிட்டுப் பார்த்தால் தகப்பன்மார் யாரும் வரக்காணோம். மிகச் சிலரே எடுத்துக்கொண்டார்கள். 1995-ல் 'இந்த ஒரு மாதம் தகப்பன் எடுத்தால் உண்டு, எடுக்காவிட்டால் போயிற்று' என்று ஒதுக்கி வைத்தபிறகுதான் வண்டிகள் ஏரிக்கரைக்கு வந்தன. இன்று மொத்தம் 480 நாட்களில் ஆளுக்குத் தொண்ணூறு நாள் மற்றவருக்கு மாற்றமுடியாதபடி கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் மனசு மாறவில்லை. முதலில் சட்டம் மாறியது. மனசு இருபது வருஷம் கழித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு, பின்னால் வந்தது.

இதெல்லாம் நம்மவர்களுக்குத் தெரியாத விஷயமா என்றால், ஸ்வீடன் நமக்கு ஐம்பது வருஷப் பழக்கம். திரைப்படச் சங்கங்களில் பெர்க்மனை நாம் பார்க்காத ஊர் இல்லை. மௌனம், கடவுளின் இன்மை, முகத்தின் அண்மைக் காட்சி எல்லாவற்றையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியாயிற்று. அதே ஸ்வீடனில் போ வீடர்பெரி என்ற இயக்குநர், அந்த ஓடாலன் துப்பாக்கிச்சூட்டை வைத்து 1969-ல் ஒரு படம் எடுத்தார். அதைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் ஒரு பத்தி படித்ததாக எனக்கு நினைவில்லை. நமக்கு வேண்டிய ஸ்வீடனை நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டோம். அதில் ஆத்மாவுக்கு நோய் வரும்; கூலித் தகராறு வராது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கோவை–கரூர் சாலையில், காங்கயம் தாண்டி இருக்கிறது வெள்ளகோவில். மேற்கே திருப்பூரின் பனியன் கம்பெனிகள், கிழக்கே கரூரின் படுக்கைவிரிப்பும் சமையலறைத் துண்டும். இரண்டுக்கும் நடுவில் எங்கள் விசைத்தறிகளும் நூல் மில்களும். நான் இங்கே ஒரு வங்கியில் எழுத்தர். காலை ஏழரைக்குக் கம்பெனி வண்டிகள் ஊர் ஊராகப் போய்ப் பெண்களை அள்ளிக்கொண்டு போவதையும், ராத்திரி ஒன்பது மணிக்குமேல் அதே வண்டிகள் திரும்புவதையும் தினம் பார்க்கிறேன். திரும்பும் வண்டியில் பேச்சே இருக்காது. எல்லாத் தலைகளும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கும்.

திருப்பூர் வட்டாரத்தில் வேலையின் அளவு நாள் அல்ல, ஷிப்ட். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட். ஆனால் ஒரு ஷிப்ட் மட்டும் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லும் டெய்லரை யாரும் விரும்பிச் சேர்த்துக்கொள்வதில்லை. வழக்கம் ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம். அவசர ஆர்டர் என்றால் 'புல் நைட்'. தறியில் கணக்கு இன்னும் எளிது: பகல் பன்னிரண்டு, ராத்திரி பன்னிரண்டு, வாரம் ஒருமுறை ஆள் மாற்றம். 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வாரம் நாற்பத்தெட்டு மணி நேரம் என்றும், அதற்குமேல் செய்தால் இரட்டைக் கூலி என்றும் சொன்னது. அந்த 'ஒன்றரை' என்ற சொல்லையே பாருங்கள். கூடுதல் நான்கு மணிக்கு இரட்டைக் கூலி என்றால் அது இரண்டு ஷிப்ட் சம்பளம் ஆகியிருக்கவேண்டும். சட்டம் இரண்டு என்கிறது, ஊர் ஒன்றரை என்கிறது. பாக்கி அரை ஷிப்ட் எங்கே போகிறது என்று ஐம்பது வருஷமாக இந்த வட்டாரத்தின் பேச்சுமொழியே காட்டிக்கொடுத்துக்கொண்டிருக்கிறது. மொழியில் இவ்வளவு கவனம் உள்ள நாம் அதைக் கேட்கவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடம் தரும் திருத்த மசோதா குரல் வாக்கில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்றாம் நாள் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. அன்று சாயங்காலம் எங்கள் ஊரில் எந்தத் தறியும் நாலு மணி நேரம் முன்னதாக நிற்கவில்லை. வரவிருந்த சட்டம் இங்கே ஏற்கனவே வழக்கமாக இருந்ததால், அது வராமல் போனதும் யாருக்கும் தெரியவில்லை. அதே வருஷம் அக்டோபரில் நாராயணமூர்த்தி இளைஞர்கள் வாரம் எழுபது மணி நேரம் உழைக்கவேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் தொண்ணூறு என்றார். நம் நண்பர்கள் அதை வைத்து நிறையச் சிரித்தார்கள். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ஆர்டர் நெருக்கடியில் ஞாயிறு அரை நாளும் போனால் அது எழுபதைத் தாண்டிவிடும் என்று சிரித்தவர்களில் யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

இவ்வளவும் ஒரு தொழிற்சங்கப் பத்திரிகையில் எழுதவேண்டியது, கவிதையும் விமர்சனமும் வெளியிடும் இதழில் இதற்கென்ன இடம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

என்னோடு மேல்நிலைப் பள்ளியில் படித்தவன் ஒருவன். பத்தொன்பது இருபது வயதில் எங்கள் இருவரில் கவிதை எழுதக்கூடியவன் அவன்தான். நான் அவனைப் பார்த்து எழுதினேன். நான் பி.ஏ. ஆங்கிலம் படிக்கப் போனேன், அவன் தறிக்குப் போனான். சில வருஷங்களுக்கு முன் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். தறிக்கூலிக் கணக்கு எழுதும் நீள நோட்டு, பின்பக்கங்களில் கவிதைகள். நன்றாக இல்லை. நல்ல வரிகள் இருந்தன. இருபது வயதில் நின்றுபோன ஒரு பாஷை, அதில் முப்பத்தைந்து வயது அனுபவம் திணறிக்கொண்டிருந்தது. நான் என்ன சொன்னேன்? எந்தச் சிறுபத்திரிகை ஆசிரியரும் சொல்வதைச் சொன்னேன்: 'நெறைய வாசிக்கணும்டா.' ஐந்து புத்தகங்களும் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தான்.

"ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வந்து புஸ்தகத்தப் புடிச்சா வரியெல்லாம் நாடா மாதிரி குறுக்க நெடுக்க ஓடுது மாப்ள. மூணு பக்கம் தாண்ட முடியல. நீ தப்பா நெனச்சுக்காத."

அவன் நோட்டில் இருந்த எதையும்விட இது நல்ல வரி. அதை அவனிடம் சொல்லவில்லை. என்ன தப்பாக நினைப்பது? தப்பு என் அறிவுரையில் இருந்தது. 'வாசி' என்பது ஒரு ரசனைக் கட்டளை மாதிரி ஒலிக்கிறது. உண்மையில் அது நேரத்துக்கான ரசீதைக் காட்டு என்று கேட்பது. இல்லாதவனை நாம் 'பயிற்சி போதவில்லை' என்று திருப்பி அனுப்புகிறோம்.

தமிழ் நவீனத்துவத்தை யார் உண்டாக்கினார்கள் என்று ஒரு பட்டியல் போட்டுப் பாருங்கள். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் இருந்தார். சா. கந்தசாமி இந்திய உணவுக் கழகத்தில். வெங்கட் சாமிநாதன் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில். நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். வண்ணதாசன் ஸ்டேட் வங்கியில். திருப்பூரின் சாயக்கழிவைப் பற்றிய 'சாயத்திரை' நாவல்கூடச் சாயப்பட்டறையிலிருந்து வரவில்லை. சுப்ரபாரதிமணியன் தொலைபேசித் துறையில் இருந்தவர். நான் யாரையும் குறை சொல்லவில்லை. இவர்கள் இல்லாவிட்டால் எனக்கு மொழியே இல்லை. ஆனால் இந்தப் பட்டியலில் மேதைமையைத் தவிர இன்னொன்றும் பொதுவாக இருக்கிறது: சாயங்காலம். 'எழுத்து' 1959-லும் 'கசடதபற' 1970-லும் வந்தபோது அவற்றை எழுதவும், படிக்கவும், திட்டவும், சந்தா கட்டாமல் ஏமாற்றவும் மாலை ஐந்தரை மணிக்குமேல் வேலை இல்லாத ஒரு வர்க்கம் தயாராக இருந்தது. விதிவிலக்குகள் உண்டு. ஜவுளிக்கடை வைத்திருந்தவர், வேலையை விட்டுவிட்டு அவதிப்பட்டவர் என்று பெயர் சொல்ல முடியும். அவர்களும் தங்கள் நேரத்துக்குத் தாங்களே எஜமானர்கள்.

அந்தச் சாயங்காலமும் மனசால் வந்ததல்ல. என் உத்தியோகத்தையே எடுத்துக்கொள்கிறேன். அகில இந்திய வங்கி ஊழியர் சங்கம் 1946-ல் கல்கத்தாவில் தொடங்கியது. 1953-ல் சாஸ்திரி தீர்ப்பு, 1962-ல் தேசாய் தீர்ப்பு, 1966-ல் முதல் இருதரப்பு ஒப்பந்தம். என் வேலை நேரம், என் விடுப்பு, கூடுதல் நேரம் உட்கார்ந்தால் அதற்குக் கணக்கு எல்லாம் அந்தக் காகிதங்களில் இருக்கின்றன. இரண்டாவது நான்காவது சனிக்கிழமை விடுமுறை 2015 செப்டம்பரில் வந்தது. அந்தச் சனிக்கிழமைகள் இல்லாவிட்டால் நான் இதுவரை எழுதிய கட்டுரைகளில் பாதி இருந்திருக்காது (அது நஷ்டமா என்பதை ஆசிரியர் சொல்லட்டும்). ஆக, என் விமர்சனப் பிரக்ஞை என்று நான் பெருமைப்பட்டுக்கொள்வதற்கு அடியில், எனக்கு முகம் தெரியாத குமாஸ்தாக்கள் வெயிலில் கொடி பிடித்துச் சம்பளத்தை இழந்தது கிடக்கிறது. நம் சிறுபத்திரிகைச் சரித்திரங்களில் இதற்கு ஒரு அடி இடம்கூட இல்லை.

வறுமையில்தானே புதுமைப்பித்தன் எழுதினார் என்று உடனே சொல்வார்கள். இந்த வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. வறுமை வேறு, நேரமின்மை வேறு. தினமணியில் அவருக்குச் சம்பளம் போதவில்லை. சொற்களுக்கு நடுவில்தான் நாள் முழுவதும் இருந்தார். பன்னிரண்டு மணி நேரம் பாவு அறுந்ததை முடிந்துகொண்டு, பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காத சத்தத்தில் நின்றவர் அல்ல.

இலக்கியத்துக்கே வருகிறேன். 1974-ல் நோபல் பரிசை இரண்டு ஸ்வீடன்காரர்கள் பகிர்ந்துகொண்டார்கள்: ஐவிந்த் யான்சன், ஹாரி மார்டின்சன். தங்களை உறுப்பினர்களாக வைத்திருந்த அகாடமியே தங்களுக்குப் பரிசு கொடுத்ததால் கடும் கேலிக்கு ஆளானார்கள். அது வேறு கதை. யான்சன் பதினான்கு வயதுக்குள் பள்ளியை விட்டு, மரம் மிதக்கவிடும் வேலையும் மர அறுப்பு ஆலை வேலையும் பார்த்தவர். மார்டின்சன் அனாதையாக வளர்ந்து கப்பலில் கரி அள்ளியவர். இவர்கள் தனி ஆட்களாக மேலே வந்துவிடவில்லை. 1912-லேயே தொழிலாளர் கல்விச் சங்கம் என்று ஒன்று அங்கே தொடங்கியது. வேலை முடிந்து ஆலைத் தொழிலாளிகள் பத்துப் பேர் கூடி ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுவார்கள், வாத்தியார் கிடையாது. படிப்பு வட்டம் என்று பெயர். எட்டு மணி நேரச் சட்டத்துக்குப் பிறகு இது ஊர் ஊராகப் பரவியது. அவர்களுடைய பாட்டாளி எழுத்தாளர் தலைமுறை இந்தக் காற்றில் வந்தது. நண்பர் சிலாகிக்கும் ஸ்வீடிஷ் 'வாசிப்புப் பண்பு' என்பதும் இதுதான்.

அவ்வளவு தூரத்து உதாரணம் வேண்டாம் என்றால் நம்மவர்களையே சொல்கிறேன். எண்பதுகளில் இலங்கைத் தமிழர்கள் நார்வேக்குப் போனார்கள். அவர்களில் பலர் வடகோடியில் பின்மார்க் மாவட்டத்து மீன் பதனிடும் ஆலைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள். நார்வேக்காரர்கள் விட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்த வேலை. நாற்றம், குளிர், மாதக்கணக்கில் சூரியன் இல்லை. அது சொர்க்கமல்ல. ஆனால் 1987-லிருந்து அங்கே ஒப்பந்தப்படி வேலை வாரம் முப்பத்தேழரை மணி நேரம். அந்த நார்வேயிலிருந்து தமிழில் 'சுவடுகள்' என்ற சிறுபத்திரிகை வந்தது, கவிஞர்கள் வந்தார்கள். யுத்தமும் பிரிவும் அவர்களை எழுத வைத்தன என்பதை மறுக்கவில்லை. எழுத வைக்கிற துக்கம் எங்கள் வண்டியில் தலை சாய்த்துப் போகிறவர்களிடமும் இருக்கிறது. ஒரே பாஷை பேசும் இரண்டு கூலிக் கூட்டங்கள். ஒன்றிலிருந்து பத்திரிகை வருகிறது, இன்னொன்றிலிருந்து பனியன் மட்டும் வருகிறது. இதை மனசு என்று விளக்க நண்பரால் முடியுமா?

உழைப்பை நாம் புகழ்ந்த விதமும் இதில் சேரும். கொங்கு நாட்டில் 'சும்மா இருக்கான்' என்பது வசைச்சொல். சும்மா இருத்தலைத் தவத்தின் உச்சியில் வைத்த அதே மொழியில்! திருப்பூர் முதலாளிகளில் பலர் மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள்தான். உழைத்து வந்தேன், என்னிடம் வேலை செய்கிறவனும் உழைக்கட்டும் என்பது அவர்களுடைய நியாயம். ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட நூல் இந்த நியாயத்தையே ஆராய்கிறது. உடல் உழைப்பின் நினைவு எப்படி மூலதனமாகிறது என்பதை. 1984-ல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் திருப்பூர் நின்றது. பொழுது விடிந்தால் மெஷின் ஓடும் ஊரில் 127 நாள் மௌனம். அதைப் பற்றி ஒரு நாவல் வந்திருக்கவேண்டாமா? நாம் எழுதியதெல்லாம் வியர்வையின் மகத்துவம், கறுத்த கைகளின் அழகு. முற்போக்குக்காரர்கள் கோஷமாக எழுதினார்கள், நாம் படிமமாக எழுதினோம். இரண்டு கட்சிக்கும் தொழிலாளி வேலை செய்துகொண்டிருக்கும்போது மட்டும்தான் கண்ணில் பட்டான்.

எனக்கு எதிராக ஒரு வாதம் இருக்கிறது, பலமான வாதம். ஒன்றரை ஷிப்ட்டைத் தொழிலாளிகளே கேட்கிறார்கள். உண்மைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா ஐம்பது சதவீத வரி போட்டபோது ஆர்டர் குறைந்து, சில கம்பெனிகளில் ஒரு ஷிப்ட்டோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மணிக்கே திரும்பிய அந்த வண்டிகளில் இருந்தவர்கள் ஸ்டாக்ஹோம்காரர்கள் மாதிரி ஏரிக்கரைக்குப் போகவில்லை. எங்கள் வங்கிக்கு நகையோடு வந்தார்கள். எட்டு மணி நேரக் கூலியில் குடும்பம் நடக்காது என்பதால் பன்னிரண்டு மணி நேரத்தைக் கேட்கிறார்கள். இதை அவர்களுடைய விருப்பம் என்று எடுத்துக்கொள்வது, கந்துவட்டிக்காரனிடம் போகிறவனுக்கு வட்டி பிடிக்கும் என்று சொல்வதற்குச் சமம். எட்டு மணி நேரமும் அதில் பிழைக்கப் போதுமான கூலியும் ஒன்றாகக் கேட்கப்பட்டதால்தான் வடக்கே அது நின்றது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. பழைய 1948-ஆம் வருஷச் சட்டம் அதில் கரைந்துவிட்டது. எட்டு மணி நேரம் என்ற எண் புதியதிலும் இருக்கிறது. எண் எப்போதும் இருந்திருக்கிறது.

அவர்களுடைய சாயங்காலத்தின் விலையில் ஒரு பகுதி இங்கே கட்டப்படுகிறது என்பதையும் சொல்லிவிடவேண்டும். எச் அண்ட் எம் ஸ்வீடன் கடை, திருப்பூரில் வாங்குகிறது. ஐகியாவும் அங்கே பிறந்ததுதான்; கரூர்த் துணி அதற்குப் போகிறது. நண்பர் தங்கிய வீட்டின் படுக்கைவிரிப்பை அவர் புரட்டிப் பார்த்தாரோ என்னவோ. ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வது நமக்கு ரொம்ப வசதி. பழி கடல் தாண்டிப் போய்விடும். அரை ஷிப்ட்டை விழுங்குகிறவர் நம் ஊர்த் தேர் நோம்பியில் முன்வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

என்னையும் விட்டுவிடக்கூடாது. ஒரு திங்கட்கிழமை, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் ஒரு அம்மாள் நகைக்கடனைத் திருப்ப வந்திருந்தார். அன்றைக்கு அரை நாள் கூலி போயிற்று. "ஏனுங் சார், சாயந்திரம் ஏழு மணிக்கு மேல பேங்கு தொறந்திருந்தா என்னுங்? எங்களாட்டம் ஆளுக எப்பத்தான் வர்றது?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அந்த ஏழு மணி என்னுடைய வாசிப்பு நேரம். வாரம் ஐந்து நாள் வேலை வேண்டும் என்று என் சங்கம் போராடியபோது நானும் கோஷம் போட்டவன், போடுவேன். ஆனால் அவர் சாயங்காலம் இல்லாதவர் என்பதும், என் சாயங்காலம் அவருக்குச் சாத்திய கதவாக இருக்கிறது என்பதும் ஒரே கவுண்டரின் இரண்டு பக்கம். இதற்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். 1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்களில் பத்தில் ஒன்பது பேர் வேலைக்கும் போகாமல், சமைக்காமல், குழந்தையைப் பார்க்காமல் தெருவுக்கு வந்தார்கள், நாடு நின்றது. நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சமையலறையில் குக்கர் சத்தம் கேட்கிறது. என் மனைவி ஆறு நாள் பள்ளியில் நிற்கிறவள். ஸ்வீடனைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க, தண்ணி மோட்டார மட்டும் நிறுத்திட்டு எழுதுங்க" என்றாள்.

ஆசிரியருக்கு ஒரு விண்ணப்பம். வருகிற மாதம் கோவையில் நம் கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு என்று போட்டிருக்கிறீர்கள். இந்த வட்டாரத்தில் சனிக்கிழமை சம்பள நாள். அன்று ஷிப்ட்டை விட்டுவிட்டு யாரும் வரமாட்டார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு மாற்ற முடியுமா? என் நண்பனுக்கு அந்த வாரம் பகல் ஷிப்ட். கேட்டுப் பார்த்தேன், மூன்று மணி என்றால் தூங்கி எழுந்து வந்துவிடுகிறேன் என்கிறான். நோட்டைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். வந்தால் அவனிடம் 'வாசி' என்று யாரும் சொல்லவேண்டாம்.